திரையை அணைத்துவிட்டு ஒரு பேருந்து டிக்கெட்

மொபைலில் பேருந்து டிக்கெட் எடுப்பது நம்மில் பலருக்கு இரண்டு நிமிட வேலை. புறப்படும் ஊர், சேரும் ஊர், தேதி, வண்டி, இருக்கை, பணம். அவ்வளவுதான். இதே வேலையைத் திரையைப் பார்க்காமல், காதால் கேட்டு மட்டுமே முடிக்க முடியுமா? மொபைல் இணையதளம் செய்வதைத் தொழிலாகக் கொண்டவர்கள் இந்தக் கேள்வியிலிருந்து தொடங்கலாம் என்பது என் எண்ணம்.

என்னிடம் இதைக் கேட்டவர் அரசுப் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கும் ஓர் ஆசிரியர். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். வேலை ஓர் ஊரிலும் குடும்பம் வேறோர் ஊரிலுமாக இருப்பதால் அடிக்கடி பேருந்துப் பயணம். "வாட்ஸ்ஆப்ல பேசுறேன், பேங்க் வேலையெல்லாம் போன்லயே முடிக்கிறேன், பேப்பர் படிக்கிறேன். பஸ் டிக்கெட்டுக்கு மட்டும் இன்னொருத்தர் கண்ணு வேண்டியிருக்கு தம்பி" என்றார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். எங்கள் தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளை மனதில் வைத்து எழுதுவதால் சில இடங்களில் கொஞ்சம் தொழில்நுட்பம் வரும்.

மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி தளத்தை அமைக்கும் அணுகல்தன்மையைக் கற்க வருபவர்கள் பெரும்பாலும் விதிமுறைகளில்தான் தொடங்குகிறார்கள். டபிள்யூசிஏஜி என்ற உலகளாவிய வழிகாட்டியைத் திறந்து முதல் பத்துப் பக்கங்களிலேயே களைத்துப் போகிறார்கள். அதைப் பிறகு படிக்கலாம். முதலில் டாக்பேக்கைப் பழகுங்கள், திரையில் இருப்பதைக் குரலில் படித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடர் அது. ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ் பகுதியில், அணுகல்தன்மை என்ற தலைப்பின் கீழ் அது இருக்கும். இரண்டு வால்யூம் பட்டன்களையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் டாக்பேக் ஆன் ஆகவும் ஆஃப் ஆகவும் ஷார்ட்கட் ஒன்றை முதலிலேயே வைத்துக்கொள்ளுங்கள். டாக்பேக் ஓடும்போது தொடுதிரையின் இலக்கணமே மாறிவிடும், வெளியே வரும் வழி தெரிந்திருக்க வேண்டும். ஒருமுறை தொட்டால் தொட்ட இடத்தில் இருப்பதைப் படிக்கும். வலப்பக்கம் விரலால் தள்ளினால் அடுத்த உறுப்புக்குப் போகும், இடப்பக்கம் தள்ளினால் முந்தையதற்கு. திரையில் எங்கு வேண்டுமானாலும் இருமுறை தட்டினால், கடைசியாகப் படித்த உறுப்பு இயங்கும். பக்கத்தை நகர்த்த இரண்டு விரல்கள் வேண்டும். ஐபோனின் வாய்ஸ்ஓவரும் ஏறத்தாழ இப்படித்தான், அதில் பக்கத்தை நகர்த்த மூன்று விரல்கள்.

கை பழகியதும் திரையை மறைத்துவிடுங்கள். டாக்பேக்கிலேயே அதற்கு வசதி இருக்கிறது. ஐபோனில் மூன்று விரல்களால் மூன்று முறை தட்டினால் திரை இருண்டுவிடும். இந்தப் படியைத் தவிர்க்காதீர்கள். கண் திறந்திருக்கும் வரை காது வேலை செய்யாது. பட்டன் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்து, விரலை நேராக அங்கே கொண்டுபோய், "ஆமாம், படிக்கிறதே" என்று திருப்திப்பட்டு எழுந்துவிடுவோம். ஆசிரியர் சார் திரையை எப்போதும் மறைத்தே வைத்திருக்கிறார். அவருக்கு அது பாதுகாப்பு, பக்கத்து இருக்கைக்காரர் அவருடைய வங்கிக் கணக்கை எட்டிப் பார்க்க முடியாது. பேச்சு வேகத்தையும் மிக அதிகமாக வைத்திருக்கிறார். அவருடைய போனிலிருந்து வருவது பேச்சு என்று புரியவே எனக்குச் சிறிது நேரம் பிடித்தது. பழகியவர்களுக்கு அதுதான் சாதாரண வேகம்.

இந்தக் கருவிகள் பழசும் இல்லை, புதுசும் இல்லை. பட்டன்களே இல்லாத தொடுதிரைப் போன்கள் பரவத் தொடங்கியபோது, விரலுக்குத் தட்டுப்பட எதுவுமில்லாத அந்தக் கண்ணாடியைப் பார்வையற்றவர்கள் எப்படிப் பயன்படுத்துவார்கள் என்ற கவலை நியாயமாகவே இருந்தது. 2009-ல் அதற்கு இரண்டு பக்கமிருந்தும் பதில் வந்தது. ஐபோன் 3ஜிஎஸ்ஸில் வாய்ஸ்ஓவர், ஆண்ட்ராய்டு 1.6-ல் டாக்பேக். கூகுளில் அந்த வேலையைச் செய்தவர்களில் ஒருவர் டி.வி. ராமன். புனேயில் வளர்ந்தவர், சிறுவயதில் கிளாக்கோமாவால் பார்வையை இழந்தவர், ஐஐடி பம்பாயிலும் கார்னெல் பல்கலைக்கழகத்திலும் படித்தவர். அவரும் சார்லஸ் சென்னும் சேர்ந்து தொடுதிரையில் போன் எண்ணை அழுத்த ஒரு வழி கண்டுபிடித்தார்கள். விரல் முதலில் எங்கே படுகிறதோ அந்த இடம் 5. அங்கிருந்து மேலே இழுத்தால் 2, இடப்புற மேல்மூலைக்கு இழுத்தால் 1. எண்ணைத் தேடி விரல் போகவேண்டியதில்லை, விரல் இருக்கும் இடத்துக்கு எண்கள் வந்துவிடும். எனக்கு இது மிகப் பிடித்த யோசனை. பயனரின் கை எங்கே இருக்கிறது என்பதிலிருந்து வடிவமைப்பைத் தொடங்கியிருக்கிறார்கள்.

ஆக, போன் தன் பங்கைச் செய்து ஒன்றரைப் பத்தாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. மிச்சம் இருப்பது நாம் செய்யும் பக்கங்கள்தான்.

பிரவுசர் நம் எச்டிஎம்எல்லை வாங்கித் திரையில் வரைவதோடு நிற்பதில்லை. ஸ்கிரீன் ரீடருக்குக் கொடுப்பதற்காக இன்னொரு அமைப்பையும் தயாரிக்கிறது. அக்சஸிபிலிட்டி ட்ரீ என்று அதற்குப் பெயர். அதில் ஒவ்வொரு உறுப்பைப் பற்றியும் முக்கியமாக மூன்று செய்திகள் இருக்கும். அதன் பெயர் என்ன, அது என்ன வகை, இப்போது என்ன நிலையில் இருக்கிறது. "ஏசி வண்டிகள் மட்டும், செக்பாக்ஸ், தேர்வு செய்யப்படவில்லை" என்று டாக்பேக் சொல்லும்போது இந்த மூன்றும்தான் வரிசையாக வருகின்றன. உண்மையான செக்பாக்ஸாக எழுதியிருந்தால் பிரவுசர் இதைத் தானே செய்துகொள்ளும். ஒரு டிவ்வுக்கு டிக் படம் போட்டு, ஜாவாஸ்கிரிப்ட்டில் கிளிக்கைப் பிடித்திருந்தால் பெயர் மட்டும் கேட்கும். அது செக்பாக்ஸ் என்பதோ, தட்டியதும் மாறியது என்பதோ கேட்காது. மொபைல் பக்கங்களில் நான் கண்ட சிக்கல்களில் பெரும்பகுதி இந்த ஓரிடத்தில்தான் பிறக்கிறது.

இதை மிகத் தெளிவாகக் காட்டுவது இருக்கை வரைபடம். சார் வழக்கமாகத் திறந்து பார்க்கும் தளத்தில், ஊரும் தேதியும் வண்டியும் எப்படியோ கடந்துவிட்டார். இருக்கைகள் வந்ததும் டாக்பேக் படித்தது இவ்வளவுதான்: "850. 850. 900. 850." விலைகள் மட்டும். எது ஜன்னல் ஓரம், எது மேல் படுக்கை, எது ஏற்கெனவே போய்விட்டது என்ற விவரமெல்லாம் நிறத்திலும் படத்திலும் இருந்தது. அவர் ஒன்றின் மேல் இருமுறை தட்டினார். எந்தச் சத்தமும் இல்லை. "இப்ப கீழ போய் டோட்டல் மாறியிருக்கான்னு பார்ப்பேன். மாறியிருந்தா ஏதோ ஒரு சீட் விழுந்திருக்குன்னு அர்த்தம்" என்றார். அந்த 'ஏதோ ஒரு சீட்' மேல் படுக்கையா கீழ் படுக்கையா என்பது வண்டி ஏறும்போதுதான் அவருக்குத் தெரியவரும். இத்தனைக்கும் அந்த விவரங்கள் எல்லாம் தளத்தின் டேட்டாவில் இருக்கின்றன. இருக்கை எண்ணும் இருக்கிறது, மேல்தளமா கீழ்த்தளமா என்பதும் இருக்கிறது, ஜன்னலா என்பதும் இருக்கிறது. நிறமாக மாற்றும்போது எழுத்தைத் தூக்கி எறிந்துவிட்டார்கள்.

இதைச் சரிசெய்வது பெரிய வேலை இல்லை. ஒவ்வொரு இருக்கையும் ஒரு செக்பாக்ஸ், ஒன்றுக்கு மேல் தேர்ந்தெடுக்கலாம் என்பதால். அதன் லேபிளில் "14, கீழ் படுக்கை, ஜன்னல் ஓரம், 850 ரூபாய்" என்று முழு விவரம். கண்ணுக்குத் தெரியும் இருக்கைப் படத்தை அந்த லேபிளின் மேல் சிஎஸ்எஸ்ஸால் வரைந்துகொள்ளலாம். செக்பாக்ஸைக் கண்ணிலிருந்து மறைக்கும்போது மட்டும் கவனம் வேண்டும். டிஸ்ப்ளே நன் என்று போட்டால் ஸ்கிரீன் ரீடருக்கும் அது இல்லாமல் போய்விடும். போய்விட்ட இருக்கைகளை டிசேபிள் செய்தால் டாக்பேக் அதையும் சொல்லும். இளஞ்சிவப்பு நிறம் போட்ட இருக்கை பெண்களுக்கானது என்றால் அந்தச் சொல்லும் லேபிளில் இருக்க வேண்டும். கீழ்த்தளம், மேல்தளம் இரண்டையும் தனித்தனி ஃபீல்ட்செட்டாகப் பிரித்துப் பெயர் கொடுத்துவிட்டால், எங்கே இருக்கிறோம் என்பதும் கேட்கும்.

இதையெல்லாம் செய்து ஒரு மாதிரிப் பக்கத்தை அவர் கையில் கொடுத்தபோது, சார் எல்லா இருக்கைகளையும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நல்லா இருக்கு. ஆனா பஸ்ஸோட வடிவம் எனக்கு எதுக்கு தம்பி? காலியா இருக்கிறதை மட்டும் லிஸ்டா கொடுங்க. ஜன்னல் முதல்ல வரட்டும்." எந்த வழிகாட்டியிலும் இல்லாத வரி இது. விதிப்படி எல்லாம் சரியாக இருக்கும் ஒரு பக்கம், பயன்படுத்தும் மனிதருக்கு இன்னும் சுற்றுவழியாக இருக்கலாம். படத்துக்கு மேலே 'பட்டியலாகக் காட்டு' என்று ஒரு பட்டன் வைத்தோம்.

வண்டிகளின் பட்டியலில் வேறொரு பாடம். சென்னையிலிருந்து தென்மாவட்டங்களுக்கு ஒரே இரவில் எத்தனையோ வண்டிகள். ஒவ்வொரு வண்டிக்கும் பெயர், வகை, புறப்படும் நேரம், சேரும் நேரம், மதிப்பீடு, மீதி இருக்கைகள், விலை என்று பல துண்டுகள். ஒவ்வொன்றையும் தள்ளித் தள்ளி அடுத்த வண்டிக்குப் போவதற்குள் விரல் ஓய்ந்துவிடும். டாக்பேக்கில் ஹெட்டிங் என்று தேர்வு செய்துகொண்டு கீழ்நோக்கித் தள்ளினால் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவலாம். வாய்ஸ்ஓவரில் இரண்டு விரல்களைத் திருகினால் வரும் ரோட்டரில் இதே வசதி. வெப்எய்ம் நிறுவனம் 2024-ல் வெளியிட்ட ஸ்கிரீன் ரீடர் பயனர் கணக்கெடுப்பில், நீளமான பக்கத்தில் ஒன்றைத் தேட 71.6 சதவீதம் பேர் தலைப்புகள் வழியாகத்தான் போகிறோம் என்றார்கள். வண்டியின் பெயரைத் தடித்த எழுத்தில் போட்ட டிவ்வாக விடாமல் முறையான ஹெட்டிங்காக எழுதினால், சார் மிகச் சில தள்ளல்களில் தனக்கு வேண்டிய வண்டியை அடைந்துவிடுகிறார்.

பக்கம் திறந்த பிறகு அதில் மாறும் விஷயங்கள்தான் அடுத்த பெரிய பகுதி. கண்ணுள்ளவருக்கு மாற்றம் தானே தெரியும், காதுக்கு யாராவது சொன்னால்தான் உண்டு. ஊர்ப் பெயரில் மூன்றெழுத்து அடித்ததும் கீழே பரிந்துரைகள் விழுகின்றன. "5 ஊர்கள் கிடைத்தன" என்று லைவ் ரீஜன் (மாற்றத்தைக் குரலில் அறிவிக்கும் பகுதி) மூலம் ஒரு வரி சொன்னால் போதும், அங்கே ஏதோ இருக்கிறது என்று தெரிந்துகொண்டு கீழே போவார்கள். செல்பேசி எண் தவறு என்ற செய்தி பக்கத்தின் உச்சியில் சிவப்பில் தோன்றினால், கீழே 'தொடர்க' பட்டனில் நிற்பவருக்கு ஒன்றும் நடக்காத மாதிரியே இருக்கும். பட்டனை மறுபடி மறுபடி தட்டுவார். தவறான கட்டத்துக்கே ஃபோகஸைக் கொண்டுபோங்கள், பிழைச் செய்தியை அந்தக் கட்டத்தோடு இணைத்து எழுதுங்கள்.

தள்ளுபடி விளம்பரப் பாப்அப் இன்னும் மோசம். திரையை மறைத்துக்கொண்டு அது நிற்கும், ஆனால் ஸ்கிரீன் ரீடர் பின்னால் இருக்கும் பக்கத்தையே படித்துக்கொண்டிருக்கும். மூடும் பட்டனாகப் பெருக்கல் குறியை வைத்திருப்பார்கள், குரலும் அதைப் பெருக்கல் குறி என்றே படிக்கும். இன்றைய பிரவுசர்களில் டயலாக் உறுப்பை ஷோமோடல் மூலம் திறந்தால் பின்னணி தானாகவே செயலிழந்துவிடும். மூடும் பட்டனுக்கு 'மூடு' என்று பெயர் வையுங்கள். விளம்பரமே வேண்டாம் என்பது என் கட்சி, ஆனால் அதை முடிவு செய்வது பெரும்பாலும் நம் கையில் இல்லை.

எதிர்த்திசையிலும் தவறு நடக்கிறது. பணம் கட்டும் பக்கத்தில் நேரம் குறைந்துகொண்டே வரும் கடிகாரத்தை யாரோ ஒருவர் நல்ல எண்ணத்தோடு லைவ் ரீஜனாக்கியிருந்தார். நொடிக்கொரு முறை அது பேசியது. கார்டு எண்ணை அடிக்கவே விடவில்லை. தொடக்கத்தில் ஒருமுறை, முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது ஒருமுறை சொன்னால் போதும், கூடவே நேரத்தை நீட்டிக்க ஒரு பட்டனும் வேண்டும். ஓடிபிக்கு ஆறு தனித்தனிக் கட்டங்கள் வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். ஒரே கட்டம், எண் விசைப்பலகை, ஆட்டோகம்ப்ளீட்டில் ஒன் டைம் கோடு. குறுஞ்செய்திக்கும் பிரவுசருக்கும் இடையே ஓடி ஆறு எண்களை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

தமிழில் தளம் நடத்துபவர்களுக்கென்று தனியாகச் சில விஷயங்கள் உண்டு, இவற்றை யாரும் அதிகம் எழுதுவதில்லை. பக்கத்தின் தொடக்கத்தில் மொழி என்னவென்று சொல்லும் லாங் குறிப்பு, ஆங்கில டெம்ப்ளேட்டிலிருந்து வந்தபடியே ஆங்கிலம் என்று கிடக்கும். வாய்ஸ்ஓவர் அதை நம்பித்தான் குரலைத் தேர்ந்தெடுக்கிறது. ஆங்கிலக் குரலிடம் தமிழ் எழுத்தைக் கொடுத்தால் என்ன கிடைக்கும்? அந்த ஒரு குறிப்பைத் தமிழ் என்று மாற்றுவது நொடி வேலை. நடுவில் ஆங்கிலப் பத்தி வந்தால் அதற்கு மட்டும் தனியாக ஆங்கிலம் என்று குறியுங்கள். இரண்டாவது, மொழிபெயர்ப்பில் மறைந்திருக்கும் எழுத்துகள் விடுபட்டுப் போகின்றன. கண்ணுக்குத் தெரியும் பட்டனில் அழகாகத் தமிழ் இருக்கும். ஐகான்களுக்கான லேபிளும் படங்களின் ஆல்ட் வரியும் ஆங்கிலத்திலேயே இருக்கும். ஆங்கிலம் தெரியாத ஒரு பார்வையற்றவருக்கு அந்தத் தளத்தின் பாதி இன்னும் ஆங்கிலத் தளம்தான்.

மூன்றாவதுதான் எனக்குக் கோபம் வரவைப்பது. அறிவிப்புகளைப் படமாகவோ, பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துரு முறையில் தட்டிய பிடிஎஃப்பாகவோ ஏற்றுவது. பார்ப்பதற்குத் தமிழ்தான். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும். ஸ்கிரீன் ரீடர் உள்ளே இருப்பதைத்தான் படிக்கும், அதாவது வெறும் உளறல். வேலைவாய்ப்பு அறிவிப்பு, உதவித்தொகை விண்ணப்பம் என்று மிகவும் தேவைப்படும் தாள்களே இப்படி வருகின்றன. அவற்றை யூனிகோடுக்கு மாற்றிச் சாதாரண வலைப்பக்கமாகப் போடுங்கள். மொபைலில் பிடிஎஃப்பைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படிப்பது யாருக்கும் சுகமில்லை. பெரிதாக்குவது என்றதும் இன்னொன்று: விரல்களால் விரித்துப் பெரிதாக்குவதைத் தடுக்கும் வியூபோர்ட் குறிப்பை நீக்கிவிடுங்கள். ஓரளவு பார்வை உள்ளவர்கள் பெரிதாக்கியும் கேட்டும் கலந்துதான் படிக்கிறார்கள். ஐபோனின் சஃபாரி இந்தத் தடையை ஐஓஎஸ் 10 முதலே மதிப்பதில்லை, அந்த அளவுக்கு அது வேண்டாத ஒன்று.

ஏரியா (ARIA) பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. உறுப்பின் பெயர், வகை, நிலை ஆகியவற்றை நாமே எழுதிக்கொடுக்க உதவும் குறிப்புகளின் தொகுப்பு அது. புதிதாகக் கற்பவர்கள் இதை அள்ளித் தெளிக்கிறார்கள். ஏரியா எதையும் இயங்க வைப்பதில்லை. டிவ்வுக்கு பட்டன் என்று ரோல் கொடுத்தால் ஸ்கிரீன் ரீடர் பட்டன் என்று சொல்லும், விசைப்பலகையின் என்டர் வேலை செய்யாது, ஃபோகஸும் வராது. எச்டிஎம்எல்லிலேயே உள்ள உறுப்பு போதுமென்றால் ஏரியாவைத் தொடாதே என்பதுதான் அதை உருவாக்கியவர்களே எழுதிவைத்த முதல் விதி. விரியும் மெனுவுக்கு எக்ஸ்பாண்டட், மாறும் செய்திக்கு லைவ், எழுத்தில்லாத ஐகானுக்கு லேபிள். அன்றாட வேலையில் எனக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் இவைதான்.

வெப்எய்ம் ஆண்டுதோறும் பத்து லட்சம் தளங்களின் முகப்புப் பக்கங்களைச் சோதிக்கிறது. 2025-ல் 94.8 சதவீதப் பக்கங்களில் குறை இருந்தது. கண்டுபிடித்த பிழைகளில் மிகப் பெரும்பான்மை ஆறே வகை: மங்கலான எழுத்து நிறம், ஆல்ட் இல்லாத படம், லேபிள் இல்லாத படிவக் கட்டம், பெயரில்லாத இணைப்பு, பெயரில்லாத பட்டன், மொழி குறிக்காத பக்கம். இந்த ஆறில் கடினமான கணினி அறிவியல் எதுவும் இல்லை. லைட்ஹவுஸ், ஆக்ஸ் போன்ற கருவிகள் இவற்றைத் தேடிக் கொடுத்துவிடும். ஆனால் லேபிள் இருக்கிறதா என்பதைத்தான் கருவி சொல்லும், அந்த லேபிள் காதில் விழுந்தால் பொருள் தருகிறதா என்று சொல்லாது. "850. 850. 900." என்ற அந்த வரிசையில் குறையே இல்லை என்றுகூடக் கருவி சான்று கொடுக்கலாம். டாக்பேக்கின் டெவலப்பர் அமைப்புகளில் பேசுவதை எழுத்தாகத் திரையில் காட்டும் வசதி இருக்கிறது. குழுவில் மற்றவர்களுக்கு விளக்க இதைவிட நல்ல வழி இல்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 50 லட்சம் பேர். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. மின்னணுப் பொருள்களுக்கும் சேவைகளுக்குமான அணுகல்தன்மைக்கு ஐஎஸ் 17802 என்ற இந்தியத் தர அளவீடும் இருக்கிறது. ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகளில், 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் வசதிகளை அணுகும் உரிமை அரசமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. கண் சிமிட்டினால்தான் வங்கிக் கணக்கு தொடங்க முடியும் என்ற கேஒய்சி முறையை எதிர்த்துப் போனவர்கள் பெற்ற தீர்ப்பு அது. உங்கள் மேலாளர் "இதுக்கெல்லாம் இப்ப நேரமில்லை" என்றால் இந்தத் தேதியை அவரிடம் சொல்லுங்கள்.

இன்றிரவு உங்கள் சொந்தத் தளத்தை டாக்பேக்கில் திறந்து, திரையை மறைத்து, ஒரு வேலையை முழுதாக முடித்துப் பாருங்கள். எங்கே நின்றுபோனீர்களோ அதை நாளை காலை முதல் வேலையாகச் சரிசெய்யுங்கள். பிறகு தினமும் ஸ்கிரீன் ரீடரோடு வாழும் ஒருவரைச் சோதிக்க அழையுங்கள், அவர் சொல்வதை முழுதாகக் கேளுங்கள். அவர் செய்வது தேர்ந்த தொழில்முறை வேலை. மற்ற சோதனையாளர்களுக்குக் கொடுக்கும் அதே சம்பளத்தை அவருக்கும் கொடுங்கள்.